லாச்சப்பலுக்கு வந்த பெரிய புருவக்காரன்

அத்தானின் பயணச்சீட்டுக் கடையில், விமானக் கம்பனி கொடுத்த நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்திருந்தது. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங்க் தெருவின் மற்றக் கடைகளில் அந்த இடத்தில் மாதா படமோ முருகன் படமோ இருக்கும். அத்தானின் கடையில் ஒரு தொலைநோக்கி தொங்கும். கறுப்பு நிறம், கை படுகிற இடமெல்லாம் தேய்ந்து வழுவழுத்திருக்கும். கொழும்புக்கோ திருச்சிக்கோ டிக்கெட் எடுக்க வருகிறவர்கள், காத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, "உது என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்பார்கள். அத்தான் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்கட பிளேன் வெளிக்கிட்டிட்டுதோ எண்டு பாக்கத்தான்" என்பார். பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர் அதை நம்பியும் இருக்கிறார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கழுத்துப்பட்டி கட்டாமல் கடை திறக்கமாட்டார். லா கூர்னெவ்வில் வீடு, லாச்சப்பலில் கடை, இரண்டுக்கும் நடுவில் ரயில் என்று பல வருடம் ஓடியது அவருடைய வாழ்க்கை. அவருக்குச் சீனி வருத்தம் தொடங்கியபோது, தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெறுமனே நடப்பது அத்தானுக்குப் பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதில் என்ன பிரயோசனம் என்று கேட்பார். அப்படி லா கூர்னெவ் பூங்காவில் சலிப்போடு நடந்துகொண்டிருந்த ஒரு நாளில், ஒரு கூட்டம் மரம் ஒன்றின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். யாரோ கொப்பில் ஏறி மாட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்து உதவிக்கு ஓடினார். அவர்கள் ஒரு குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் தலைவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தன் தொலைநோக்கியை அவரிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அத்தானுக்கு ஞாயிறு காலை குருவி, பின்னேரம் தமிழ்ப் பூசை என்று ஆகிவிட்டது.

பறவை பார்க்கிறவர்களில் பலருக்குப் பருந்து பிடிக்கும், ஆந்தை பிடிக்கும், நிறம் நிறமாக இருக்கிற வாத்து பிடிக்கும். அத்தானுக்குப் பிடித்தது கதிர்க்குருவி. அதிலும் இலைகளுக்குள்ளேயே திரிகிற, பிரெஞ்சில் 'பூயோ' என்று சொல்கிற சின்னஞ்சிறு பச்சைக் கதிர்க்குருவிகள். பெருவிரலளவு உடம்பு. பச்சையும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு நிறம். ஒரு கணம்கூட ஓரிடத்தில் இராது. "எல்லாம் ஒண்டு போலத்தானே கிடக்கு, நெத்தலிக் கருவாடு மாதிரி" என்பாள் அக்கா. அத்தானுக்கு அங்கேதான் ருசி. எங்கள் ஆட்களைப் பார்க்கும் வெள்ளைக்காரருக்கும் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறோம்; ஆனால் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றாலே, அவர் ஊர் பேசாலையா பருத்தித்துறையா என்று தன்னால் சொல்ல முடியுமே, அதேபோலத்தான் இதுவும் என்பார்.

சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பாடம் நடக்கும். இங்கே எல்லாப் பூங்காவிலும் இருக்கிறது சாதாரணப் பூயோ, வெலோஸ் என்று பெயர். கால் கறுப்பு, வாலை ஓயாமல் கீழே தட்டும். அதன் நெருங்கிய உறவு ஃபிதிஸ்; கால் வெளிர் பழுப்பு, இறக்கை நீளம், ஆபிரிக்கா வரை பறக்க வேண்டியதல்லவா. இந்த இரண்டுக்கும் இறக்கையில் கோடு கிடையாது. இறக்கையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நெஞ்சு அடிக்கத் தொடங்க வேண்டும். அது சைபீரியாவிலிருந்து வழி தவறி வந்த ஆளாக இருக்கலாம். தாய்லாந்துப் பக்கம் போய்க் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய குருவி, எதிர்த்திசையில் பறந்து ஐரோப்பாவின் மேற்குக் கரைக்கு வந்துவிடும். கடற்கரைகளில் இலையுதிர் காலத்தில் இதைக் காண்கிறவர்கள் உண்டு. பாரிஸ் நகரத்துக்குள் காண்பது அபூர்வம். கண்ணுக்கு மேலே நீளமான மஞ்சள் புருவம் இருப்பதால் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரை அத்தான் அப்படியே எடுத்து, 'பெரிய புருவக்காரன்' என்று சொல்லுவார். அதற்கு இன்னும் அபூர்வமான ஓர் ஒன்றுவிட்ட சகோதரம் இருந்தது. மத்திய ஆசிய மலைகளில் கூடு கட்டுவது. அதற்கு யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரை வைத்திருந்தார்கள். அத்தான் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார், 'மலைக்காரன்' என்பார்.

புருவக்காரனையும் மலைக்காரனையும் பிரித்தறிவதுதான் அந்தப் பாடத்தில் மிகக் கடினமான பகுதி. புருவக்காரனின் நிறம் துலக்கமான பச்சை, இறக்கையில் இரண்டு கோடுகளும் பளிச்சென்று இருக்கும், கால் வெளிர். மலைக்காரன் மங்கல், சாம்பல் பூசியதுபோல. மேற்கோடு அழிந்துபோனது போல இருக்கும், காலும் அலகும் கறுப்பு. ஆனால் வெளிச்சம் சரியில்லாவிட்டால் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும், எந்தக் காலும் கறுப்பாகத்தான் தெரியும். கடைசியில் தீர்ப்புச் சொல்வது குரல். புருவக்காரன் மெல்லிய, கூர்மையான குரலில் மேலே ஏற்றி அழைக்கும். கேள்வி கேட்பதுபோல முடியும். மலைக்காரனின் குரல் தடித்தது, ஏறாமல் மட்டமாக நின்றுவிடும். "ஒருத்தன் கேள்வி கேப்பான், மற்றவன் பதில் சொல்லுவான்" என்று அத்தான் சொன்னதுதான் எனக்கு முழுப் பாடத்திலும் மனதில் நின்றது.

அக்காவுக்கு இதில் அணுவளவும் ஆர்வம் இருக்கவில்லை. அவளுடைய உலகம் பாட்டு. பின்னேரப் பூசையில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். பின்வரிசையில் யாராவது ஒரு சுருதி இறங்கிப் பாடினால், திரும்பாமலே யாரென்று சொல்லிவிடுவாள். பூசை முடிந்ததும் நேரே போய்ச் சொல்லியும் விடுவாள். அதனால் சிலர் அவளோடு கதைப்பதில்லை. அத்தான் ஞாயிறு காலையில் சப்பாத்தில் சேற்றோடு வீட்டுக்குள் வரும்போது, "போன பிறவியிலை பூனையாப் பிறந்திருப்பியள்" என்று வரவேற்பாள்.

அந்த நாட்களில் அத்தான் அடிக்கடி ஒரு கவலையைச் சொல்லுவார். 'ருவாதலே' என்று இங்கே ஒரு பறவை உண்டு. பூயோவைவிடச் சின்னது, தலையில் ஒரு மஞ்சள் கோடு, ஊசிமுனை போன்ற மெல்லிய குரல். "முந்தி எந்தப் பைன் மரத்துக்குக் கீழை நிண்டாலும் அதின்ர சத்தம் கேக்கும். இப்ப ருவாதலே வாறதே இல்லை. காலநிலை மாறிப்போச்சு" என்பார். நாங்களும் தலையாட்டுவோம். எங்களுக்கு என்ன தெரியும்?

வேறு சில மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கத் தொடங்கியது. அக்காவின் குரல் உயர்ந்தது. ஒருமுறை பக்கத்து வீட்டு அல்ஜீரியப் பெண்மணி மின்தூக்கியில் என்னைத் தனியே கண்டு, "உங்கள் அக்காவுக்கும் கணவருக்கும் பிரச்சினை ஏதும் இல்லையே?" என்று பக்குவமாக விசாரித்தார். முதல்நாள் இரவு அக்கா, புட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கவா மீன்குழம்பு வைக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கடையிலோ தொலைபேசியில் ஒருவர் பதினாறாம் தேதி என்று சொன்னதைப் பதினாலு என்று எடுத்து டிக்கெட் போட்டுவிட்டார் அத்தான். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்துக்குப் போகிற டிக்கெட். நல்லவேளையாக மாற்ற முடிந்தது. "இப்பத்தையச் சனம் வாயைத் திறந்து கதைக்கிறேல்லை. எல்லாரும் மீசைக்குள்ளை முணுமுணுக்கினம்" என்றார். டிக்கெட் கேட்டவர் ஒரு பெண். போய்க் காதைக் காட்டுங்கோ என்று அக்கா எரிச்சலில் குத்திக்காட்டும்போதெல்லாம் அத்தானுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கழுத்துப்பட்டியை இறுக்குவார். அதற்குமேல் கதை இல்லை.

நவம்பர் தொடக்கம். சகல புனிதர் திருநாளான தூசன் விடுமுறை என்பதால் சென் தெனியில் என் அலுவலகத்தில் எனக்கு லீவு. அக்கா செய்த மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பட்டப்பகலில் அத்தான் கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய்ப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கார அண்ணையிடம் கேட்டேன். "அவர் ஒரு குருவிக்குப் பின்னாலை ஓடிட்டார் தங்கச்சி" என்றார் அவர், ஆட்டோவுக்குப் பின்னால் ஓடியதுபோல.

தெரு முடிகிற இடத்தில், கால்வாய்க் கரையில், மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு மேப்பிள் மரத்தின் கீழே அத்தான் நின்றார். கழுத்துப்பட்டிக்கு மேலே தொலைநோக்கி. வானம் ஈயத் தகடு போல இருந்தது. என்னைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மச்சாள், அசையாதையும். மலைக்காரன்."

அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. மகள் பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் நின்றபோதுகூட இதைவிட நிதானமாகத்தான் இருந்தார். இறக்கையில் கோடு தெளிவாக இருக்கிறது, மேற்கோடு மங்கல், உடம்பு சாம்பல், கால் கறுப்பு என்று மூச்சுவாங்கச் சொன்னார். தொலைநோக்கியை என்னிடம் தந்தார். எனக்கு இலைகள் தெரிந்தன. இலைகளுக்கு நடுவில் இன்னோர் இலை குதித்தது. அதுதான் என்றார். அந்த நேரம் எங்கிருந்தோ மெல்லிய கிரீச்சொலி ஒன்று கேட்டது. சைக்கிள் ஒன்று பிரேக் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தான் அங்கேயே நின்று தன் குழுவுக்குத் தகவல் அனுப்பினார். மலைக்காரனின் பெயரைப் பிரெஞ்சில் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது. பதில் உடனே வந்தது. குழுத் தலைவியான ஆசிரியை ஒரே வரியில் கேட்டிருந்தார்: குரல் கேட்டதா? அத்தான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தைப் பார்த்தார். பிறகு 'ஓம், கேட்டது, மட்டமான குரல்' என்று எழுதி அனுப்பினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நான் அதை வாசித்தேன். அவருக்குக் கேட்டிருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் லாச்சப்பல் ஒரு புதுமையைக் கண்டது. கால்வாய்க் கரையில் தொலைநோக்கியும் கமராவும் தொப்பியுமாக இருபது பேரளவில் வந்து நின்றார்கள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். மரக்கறிக் கடைக்காரர் வெளியே வந்து, ஆரும் நடிகர் வந்திருக்கினமோ என்று கேட்டார். ஒரு குருவி, சைபீரியாவிலிருந்து வந்திருக்கிறது என்றேன். தேத்தண்ணிக் கடை அண்ணை நம்பாமல் அத்தானிடம் போனார்.

"சைபீரியாவிலையிருந்தோ? விசா என்னெண்டு எடுத்தது?"

"ஒரு கரண்டி சீனியின்ர நிறைதான் இருக்கும் அண்ணை. கொன்ட்ரோலிலை ஆற்றை கண்ணிலையும் படேல்லை" என்றார் அத்தான். அண்ணை சிரித்துக்கொண்டே போய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். ஏலக்காய் போட்ட இனிப்புத் தேநீரை அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்கள். அக்காவும் வந்திருந்தாள். கணவருடைய கூட்டாளிகள் கடைத்தெரு வரைக்கும் வந்திருக்கும்போது வீட்டில் இருப்பது மரியாதை இல்லை என்று, ஒரு பெட்டி வடையோடு வந்திருந்தாள். அத்தான் வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு, நேற்று எந்தக் கொப்பு, எந்த நேரம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பெருமை அவருக்கு, அன்று போட்டிருந்த தொப்பியைவிட நன்றாகப் பொருந்தியிருந்தது.

அப்போது அது கத்தியது.

நேற்று நான் சைக்கிள் பிரேக் என்று நினைத்த அதே ஒலி. மெல்லிய, கூர்மையான ஒலி; முடிவில் மேலே ஏறியது. கூடிநின்றவர்களில் பலருடைய தலை ஒரே நேரத்தில் மேப்பிள் மரத்தின் இடப்பக்கக் கொப்பை நோக்கித் திரும்பியது. என் தலையும் திரும்பியது. வடைப் பெட்டியோடு நின்ற அக்காவின் தலையும் திரும்பியது. அத்தான் மட்டும் சிரித்த முகத்தோடு ஒருவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார். எல்லோரும் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. அது மறுபடியும் கத்தியது. எல்லோருடைய முகங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பாஷை தெரியாத ஓர் அலுவலகத்தில் தன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று மற்றவர்களின் முகத்தைப் பார்க்கிறவரின் பார்வை அது.

அக்கா அவருக்குக் கிட்டப் போனாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு உது கேக்கேல்லையோ?"

"எது?" என்றார் அத்தான்.

அக்காவின் முகம் மாறியது. இத்தனை நாளும் பிடிவாதம், கவனமின்மை, தன்னை மதிக்காத போக்கு என்றெல்லாம் அவள் திட்டி வந்தது உண்மையில் என்னவென்று அந்த ஒரு சொல்லில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். வடைப் பெட்டியை என் கையில் தந்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் அவருடைய கையைப் பிடித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ஆசிரியை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பிழை திருத்தியே பழகிய மனுஷி; விட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலே ஏறும் குரல், இது மலைக்காரன் அல்ல, ஆனால் நீங்கள் குரல் கேட்டதாக எழுதியிருந்தீர்களே என்று மெதுவாகக் கேட்டார். அத்தானுக்கு ஒரு வழி இருந்தது. நேற்று வேறு விதமாகக் கத்தியது என்று சொல்லியிருக்கலாம்; யாராலும் மறுத்திருக்க முடியாது. அவர் கழுத்துப்பட்டியை இறுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லை மதாம். எனக்கு நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியது பிழை" என்று பிரெஞ்சில் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "குரல் கேட்காத ஆள் குழுவில் எதற்கு என்று நினைத்துவிடுவீர்களோ என்று எழுதிவிட்டேன்" என்றார்.

மேம்பாலத்தில் ஒரு மெட்ரோ போய் முடிந்தது. பிறகு ஆசிரியை கூட்டத்தின் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்: இந்த நேரம் பின்னால் இருக்கிற ஐவிக் கொடிக்குள் ஒரு ருவாதலே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, யார் யாருக்கு அது கேட்கிறது, கையை உயர்த்துங்கள். சில கைகள் உயர்ந்தன, எல்லாம் இளையவர்களின் கைகள். பிறகு ஒரு கிழவர் கையைப் பாதி உயர்த்தி, யோசித்து, இறக்கினார். அதைப் பார்த்து இன்னொருவர் வெடித்துச் சிரித்தார். ஆசிரியை காதை மூடியிருந்த நரைமுடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் கோதுமை நிறத்தில் ஒரு சின்னக் கருவி ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தான் அதைப் பார்க்கவில்லை. அவர் ஐவிக் கொடியையே பார்த்தார்.

"ருவாதலே இன்னும் இருக்குதோ?" என்று தமிழில் கேட்டார், யாரிடமென்றில்லாமல். அக்கா ஒரு கணம் காது கொடுத்தாள்.

"இருக்கு. ஊசி மாதிரி ஒரு சத்தம். ஒண்டில்லை, ரெண்டு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அத்தான் இரண்டையும் கொஞ்சம் செய்தார். பாவம், அத்தனை வருடமாகக் காலநிலையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாரே.

அந்த நேரம் மேகம் விலகி வெயில் மரத்தில் விழுந்தது. குருவி தாழ்ந்த கொப்புக்கு இறங்கி வந்தது. முதலில் தொலைநோக்கியைத் தூக்கியவர் அத்தான். இளையவர்கள் எங்கே எங்கே என்று தேடுவதற்குள், கொப்பையும் இலையையும் சொல்லி எல்லோருடைய கண்ணையும் அதில் கொண்டுபோய் விட்டார். இரண்டு கோடுகள், இரண்டும் பளிச்சென்று. புருவம் மஞ்சள். கால் வெளிர். நேற்று மங்கல் வெளிச்சத்தில் தான் ஏமாந்ததை ஒவ்வோர் அடையாளமாகச் சொல்லி, தானே திருத்தினார். "பெரிய புருவக்காரன்" என்று பிரெஞ்சில் அறிவித்தபோது அவர் குரலில் தோல்வி இருக்கவில்லை. எனக்கும் அன்றுதான் அது குருவியாகத் தெரிந்தது. பாதி மஞ்சளான இலைகளுக்குள் ஒரு பச்சை உயிர். கண்ணுக்கு மேலே யாரோ மஞ்சள் மையால் கவனமாகக் கோடிழுத்து விட்டதுபோல. அது பூச்சி ஒன்றைப் பிடித்தது, விழுங்கியது, எங்கள் எல்லோரையும் பொருட்படுத்தாமல் மேலே ஏறியது. வடை முடிந்த பிறகும் ஒருவரும் போகவில்லை.

அது ஒரு வாரமளவில் அந்தக் கரையில் நின்றது. ஒரு பனிக்காற்றுக்குப் பிறகு காணவில்லை. அதற்கிடையில் அக்கா அத்தானைக் காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இம்முறை கோபம் வரவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்களாம். எதுவும் கேட்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும், கருவி பழுதென்று நினைத்ததாகவும் அத்தான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

காதுக்கருவி பொருத்திய நாளில் நானும் கூடப் போனேன். வெளியே வந்ததும் அத்தான் நடைபாதையில் நின்றுவிட்டார். தன் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டார். மழைச்சட்டை உரசுவதைக் கேட்டார். ஒரு குழந்தை தள்ளுவண்டியில் எதையோ நசித்து மொறுமொறுவெனச் சத்தப்படுத்திக்கொண்டு போனது. அதைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல அக்கா தொண்டையைச் செருமி, சத்தமாகக் கதைக்க ஆயத்தமானாள். பிறகு நினைவு வந்து நிறுத்தினாள். பாடிப் பழகாத பாட்டைத் தொடங்குகிறவள் போலத் தயங்கித் தயங்கி, மிக மெதுவாக, "சாப்பிட்டிட்டுப் போவமே?" என்று கேட்டாள்.

"ஓம், பசிக்குது" என்றார் அத்தான்.

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பி, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல நின்றாள். நானும் அதே பஸ்ஸைப் பார்த்தேன். மகள் பிறந்த காலத்தில் அவள் அவரோடு இந்தக் குரலில்தான் கதைப்பாள். அது எனக்கு நினைவிருக்கிறது. நடுவில் எத்தனை வருடம் அந்தக் குரல் வீட்டுக்குள் இல்லாமல் போயிருந்தது என்பதை அன்றுவரைக்கும் நாங்கள் மூவருமே கவனித்திருக்கவில்லை.

இப்போது அத்தான் கடையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அங்கே இன்று தொலைபேசி விற்கிறார்கள்; திரையில் பாட்டு ஓடுகிறது. அத்தானும் அக்காவும் ஞாயிறு காலைகளில் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். இது அன்பினால் மட்டும் நடந்ததில்லை, தேவையும் இருந்தது. கருவி போட்ட பிறகு அத்தானுக்குக் குரல்கள் திரும்பக் கேட்கின்றன, ருவாதலேகூடக் கொஞ்சம் கேட்கிறது. ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரால் பிடிக்க முடிவதில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே ஒலிக்கிறதாம். அதனால் அக்கா காது கொடுத்துக் கையை நீட்டுவாள். அந்தக் கை காட்டும் திசையில் அத்தான் தொலைநோக்கியைத் தூக்குவார். தொடக்கத்தில் கை காட்டுவதோடு நின்றுகொண்ட அக்கா, பெயரையும் சொல்லத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. பாடகர் குழுவில் வேலை செய்த அதே காது, அதே நாக்கு. பறவைக் குழுவிலும் இரண்டு பேர் இப்போது அவளோடு கதைப்பதில்லை என்று கேள்வி.

போன செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, நானும் அவர்களோடு லா கூர்னெவ் பூங்காவுக்குப் போனேன். குளத்தருகே வில்லோ மரத்தில் ஒரு பூயோ கூப்பிட்டது. அக்கா கையை நீட்டினாள். அத்தான் பார்த்துவிட்டு, வெலோஸ் என்றார். அக்கா, இல்லை, இரண்டு அசையாகக் கூப்பிடுகிறது, அது ஃபிதிஸ் என்றாள். காலைப் பார்த்தால் முடிந்துபோகிற விஷயம். கறுப்பென்றால் அத்தான் வெற்றி, பழுப்பென்றால் அக்கா. மூவரும் கழுத்து வலிக்க அந்தக் காலுக்காகக் காத்து நின்றோம். குருவி ஒவ்வோர் இலைக்குப் பின்னாலும் போய் நின்று உடம்பு முழுவதையும் காட்டியது, காலை மட்டும் காட்டவில்லை. பிறகு குளத்துக்கு அப்பால் பறந்துவிட்டது. நான் எதையோ கண்டேன். ஒரு கணம், ஒரு மெல்லிய கோடு. அது காலா சுள்ளியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும் வழி முழுவதும் விவாதம் நடந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் காதில் இருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தொலைபேசி அடித்தது. அக்கா. எடுத்தவுடனே, வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தி, "நீ பாத்தனீ தானே, கால் பழுப்புத்தான் எண்டு அவருக்கு ஒருக்காச் சொல்லு" என்றாள்.

நான் பதில் சொல்லுவதற்குள், மறுமுனையில், அவர்கள் வீட்டின் அடுத்த அறையிலிருந்து அத்தானின் சத்தம் வந்தது.

"இஞ்சாரும், நீர் அங்கை குசுகுசுக்கிறதெல்லாம் எனக்கு வடிவாக் கேக்குது!"